சிவப்பு ஒளியும் டிசம்பர் மழையும்

தூலிக்கிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாராவது எதையாவது சொல்ல ஆரம்பித்தால், அவர்கள் முடிப்பதற்குள் மீதியை அவளே சொல்லி முடித்துவிடுவாள். பாதி நாள் அது சரியாக இருக்கும். மீதி நாள் வீட்டில் சண்டை நடக்கும்.

அவளுக்குப் பதினோரு வயது. அம்மா கைசா, உலகத்தின் வடகோடியில், லாப்லாந்துக் காட்டோரம் இருந்த ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தாள். வாரம் ஒருமுறை பெரிய வெள்ளைப் பலூன் ஒன்றை மேலே அனுப்பி, உயரத்தில் காற்று எப்படி இருக்கிறது என்று அளப்பது அம்மாவின் வேலை. அதனால் பள்ளிக்கூடத்தில் வானத்தைப் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் எல்லாத் தலைகளும் தூலிக்கியின் பக்கம் திரும்பும். அப்படித் திரும்புவது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருஷம் நவம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம், வானம் சிவந்தது.

இரவு வானத்தில் திரைச்சீலை போல் ஆடும் வட ஒளி அந்த ஊருக்குப் புதிதல்ல. பச்சையாக வரும், கொஞ்ச நேரம் ஆடும், போய்விடும். யாரும் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. ஆனால் அன்று வந்தது நல்ல ரத்தச் சிவப்பு. கடைக்குப் போனவர்கள் பையைப் பனியில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். நாய்கள் குரைப்பதை நிறுத்தவே இல்லை.

அடுத்த வாரம் மழை பெய்தது.

டிசம்பரில் மழை! பனியாக விழ வேண்டியது தண்ணீராகக் கொட்டியது. கொட்டி முடித்ததும் குளிர் திரும்பி வந்து எல்லாவற்றையும் உறைய வைத்தது. காடு முழுக்கப் பனியின் மேல் கண்ணாடி போட்டு மூடியது போல் ஆகிவிட்டது.

ஊரில் பாதிப் பேர் பனிமான் வளர்ப்பவர்கள். குளிர்காலத்தில் மான்கள் காலால் பனியைத் தோண்டி, அடியில் இருக்கும் பாசியைத் தின்னும். இந்தக் கண்ணாடியை எப்படித் தோண்டுவது? தோண்டித் தோண்டிக் காலில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். பாசி அடியிலேயே இருந்தது. மான்கள் மேலே பட்டினி கிடந்தன.

பெரியவர்கள் காய்ந்த புல்லைக் கட்டிக்கொண்டு பனி ஸ்கூட்டரில் காட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்தார்கள். புல் போதவில்லை. சூரியனே எழாத மாதம் வேறு. நண்பகலில்கூட மங்கலாக ஒரு நீல வெளிச்சம்தான் வரும், அதுவும் உடனே போய்விடும். கடையில், தெருவில், பள்ளிக்கூட வாசலில் யாரும் யாரோடும் அதிகம் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தூலிக்கி வகுப்பில் பேசினாள்.

சின்னப் பள்ளிக்கூடம் அது. பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளும் ஒரே அறையில்தான் படித்தார்கள். வருஷா வருஷம் டிசம்பரில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். நன்றாகப் பேசியவருக்கு ஒரு பரிசு உண்டு. ஆய்வு நிலையத்துக்குப் போய்த் தன் கையாலேயே பலூனைப் பறக்கவிடலாம். மூன்று வருஷமாகத் தூலிக்கிக்கு அதே கனவு.

அவள் கரும்பலகையில் ஒரு சூரியனை வரைந்தாள்.

"சூரியன் சில சமயம் தும்மும்" என்று ஆரம்பித்தாள்.

"சூரியனுக்கே ஜலதோஷமா?" என்றான் பின்வரிசை ஓஸ்கு.

"நீ சும்மா இருடா. தும்மினா கண்ணுக்கே தெரியாத துகளெல்லாம் படுவேகமா கிளம்பி வரும். பூமி ஒரு பெரிய காந்தம் இல்லையா? அது அந்தத் துகளையெல்லாம் இழுத்து வழிச்சு, இங்க வடக்கே நம்ம தலைக்கு மேல கொண்டுவந்து கொட்டிடும். அது மேல இருக்கிற காத்துல மோதும்போதுதான் ஒளி வருது."

"சரி, இதெல்லாம் தெரிஞ்சதுதானே" என்றான் ஓஸ்கு.

"தெரியாததைச் சொல்றேன், கேளு. ஒளி மட்டும் வராது. அங்க ஒரு வாயுவும் உண்டாகும். வெயில் பட்டா அது கலைஞ்சு போயிடும். இங்கதான் வெயிலே கிடையாதே! அதனால இருட்டுல பதுங்கிப் பதுங்கிக் கீழ இறங்கி, ஓசோனைத் தின்ன ஆரம்பிச்சிடும்."

"ஓசோன்னா என்ன, யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் மார்யுக்கா டீச்சர்.

"வெயில்ல இருக்கிற கெட்ட கதிர் நம்ம மேல படாம காப்பாத்துற போர்வை, டீச்சர்" என்று அதையும் தூலிக்கியே சொன்னாள். "அது குறைஞ்சா மேல சூடு மாறும். சூடு மாறினா காத்தோட போக்கு மாறும். அப்புறம் கீழ குளிர்காலமே மாறிடும். அதனாலதான் நமக்கு மழை பெஞ்சுது. அந்தச் சிவப்பு ஒளிதான் காரணம். அதனாலதான் மானெல்லாம் சாகுது."

ஓஸ்குவுக்குக்கூடக் கேலி வரவில்லை.

"இது யார் சொன்னது?" என்றார் டீச்சர்.

"எங்கம்மாதான்."

டீச்சர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். வெள்ளிக்கிழமை பலூன் தூலிக்கிக்குத்தான் என்று முடிவாயிற்று. அவள் தரையில் கால் படாமல் நடந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் ஏழு வயது பியேராவின் முகம் வெளுத்துப் போயிருந்ததை அவள் கவனிக்கவில்லை. யாருமே கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. வியாழக்கிழமை என்றால் பள்ளிக்கூடத்தில் பட்டாணி சூப். சூப்போடு ஜாம் தடவிய பெரிய அப்பமும் கிடைக்கும். அந்த அப்பத்துக்காகக் காய்ச்சலோடு வந்தவர்கள்கூட உண்டு.

பியேரா சூப்பைத் தொடவில்லை. அப்பத்தையும் தள்ளி வைத்தான்.

"அப்பம் வேண்டாம்னு ஒருத்தன் சொல்லி நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்று ஓஸ்கு அதைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டான். பிறகு தூலிக்கியின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான். "அவனோட முர்ரி செத்துப்போச்சு, தெரியுமா? அவங்கப்பா அவனுக்கே அவனுக்குன்னு குடுத்த மான் குட்டி. முந்தாநாள் காட்டுல கிடந்துச்சாம்."

"ஐயோ!"

"ஒரு சொட்டுக்கூட அழலையாம். அவங்க பெரியப்பா, 'இவன்தான்டா ஆம்பளப் பிள்ளை'ன்னு தட்டிக் குடுத்தாராம்."

தூலிக்கி பியேராவைப் பார்த்தாள். அவன் கறுப்பு ரொட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இந்த வாரம் அவன் எதையாவது சாப்பிட்டதைப் பார்த்தோமா என்று யோசித்தாள். பார்த்ததாக நினைவில்லை. தன் அப்பத்தைப் பாதியில் வைத்துவிட்டு அவன் பின்னால் போனாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பட்டி. ரொம்ப இளைத்துப்போன மான்களை அங்கே கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். பியேரா வேலியின் இடுக்கு வழியாக ரொட்டியை நீட்டிக்கொண்டிருந்தான். ஒரு கிழட்டு மான் அதை மெல்லக் கடித்தது.

"நீ ஏன்டா சாப்பிடல?" என்றாள் தூலிக்கி.

அவன் திரும்பவில்லை.

"பியேரா, உன்னைத்தான் கேக்கறேன்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

அவன் ஒருமுறை வானத்தைப் பார்த்துக்கொண்டான். அப்புறம் ரொம்ப மெதுவாகச் சொன்னான். "அன்னிக்குச் சிவப்பு வந்துச்சுல்ல, அப்போ நான் சீட்டி அடிச்சேன்."

தூலிக்கிக்குப் புரிந்தது. மான் வளர்க்கும் வீடுகளில் வட ஒளியைப் பார்த்து யாரும் சீட்டி அடிக்க மாட்டார்கள். கையசைக்கவும் மாட்டார்கள். அது ஒளியைச் சீண்டுவது. சீண்டினால் அது கீழே இறங்கி வரும் என்பார்கள்.

"பெரியப்பா பையன்தான், 'உனக்குத் தைரியம் இருக்கா'ன்னு கேட்டான்" என்றான் பியேரா. "நான் அடிச்சேன். உடனே அது பெரிசாச்சு. நிஜமா பெரிசாச்சு, தூலிக்கி. நான் பயந்து உள்ள ஓடிட்டேன். அப்புறம் மழை வந்துச்சு. ரெண்டும் வேற வேறன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நீதான் சொன்னே."

"நான் என்ன சொன்னேன்?"

"அந்த ஒளிதான் மழையைக் கொண்டுவந்துச்சுன்னு. படமெல்லாம் போட்டுச் சொன்னியே. மழையாலதான் முர்ரி செத்துச்சு. எல்லார் வீட்டு மானும் சாகுது. எல்லாம் என்னாலதான்." அவன் குரல் உடையவே இல்லை. பாடம் ஒப்பிப்பது போல் சொன்னான். "அதுங்க சாப்பிடற வரைக்கும் நானும் சாப்பிடக்கூடாது."

"டேய், சீட்டியெல்லாம் சும்மா கட்டுக்கதைடா!"

பியேரா இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தான். "அப்போ எங்கப்பா பொய் சொல்றாரா?"

அவன் கையில் இருந்த கடைசித் துண்டையும் மானுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

அன்று வீட்டில் அம்மா உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். தூலிக்கி எதிரே உட்கார்ந்தாள். வெகுநேரம் தோலை விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, இந்த மழை அந்தச் சிவப்பு ஒளியாலதானே வந்துச்சு?"

"யார் சொன்னது?"

"நீதான்!"

"நான் எப்போ சொன்னேன்?" அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "துகள் வருது, வாயு உண்டாகுது, ஓசோனைத் தின்னுதுன்னு சொன்னேன். அது நிச்சயம். பல வருஷமா அளந்து பார்த்திருக்கோம். அதனால காத்தோட போக்கு மாறி, கீழ குளிர்காலத்தையும் கொஞ்சம் மாத்தலாம்னு சொல்ல வந்தேன். மாத்தலாம். அதைத்தான் இன்னும் தேடிக்கிட்டிருக்கோம். அதுக்குள்ள நீ 'புரிஞ்சுது புரிஞ்சுது'ன்னு எழுந்து போயிட்டே."

தூலிக்கிக்குக் காது சூடாயிற்று. அப்படித்தான் நடந்தது. அன்று எழுந்து ஓடியது நன்றாகவே நினைவிருந்தது.

"அப்போ இந்த மழை?"

"இந்த மழைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த வாயு கீழ வந்து சேரவே மாசக்கணக்காகும். இன்னும் ரொம்ப உயரத்துலயே கிடக்கு. மழையைக் கொண்டுவந்தது தெற்கே கடல்லேருந்து வந்த சூட்டுக்காத்து. உலகமே சூடாகிட்டு வருது, அதான் இப்பல்லாம் இப்படி அடிக்கடி ஆகுது." அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். "என்னடி விஷயம்?"

"ஒண்ணுமில்ல."

"வகுப்புல வந்து நான் ஒரு தடவை எடுத்துச் சொல்லட்டுமா?"

தூலிக்கி யோசித்தாள். அம்மா வந்தால் வேலை சுலபம். ஆனால் பியேரா அம்மா சொன்னதைக் கேட்டுப் பட்டினி கிடக்கவில்லையே. அவள் சொன்னதைக் கேட்டல்லவா கிடக்கிறான்! சீட்டி அடித்தால் ஒளி இறங்கும் என்பது அவன் வீட்டுப் பேச்சு. அதை இல்லை என்று சொல்ல அவள் யார்? ஒளி இறங்கினால் மழை வரும் என்பதுதான் அவள் கட்டிவிட்டது. அதை அவள்தான் அவிழ்க்க வேண்டும், எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்.

அப்புறம் பலூன் நினைவுக்கு வந்தது. அழுகையாக வந்தது. தப்பாகப் பேசியவளுக்கு யார் பலூன் தருவார்கள்? பறக்கவிட்ட பிறகு சொன்னால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். அந்த நினைப்போடு சாப்பிட உட்கார்ந்தவள், உருளைக்கிழங்கைத் தொடாமல் தள்ளி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் நெற்றி விளக்கு கட்டிக்கொண்டு வரிசையாக ஆய்வு நிலையத்துக்கு நடந்தார்கள். காலடியில் பனித்தகடு நொறுங்கியது. வழியில் ஒரு பனி ஸ்கூட்டர் எதிரே வந்தது. அதன் பின்வண்டியில் தார்ப்பாய் போட்டு எதையோ மூடியிருந்தார்கள். மூடியிருந்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை. பியேரா தலையைக் குனிந்துகொண்டான்.

நிலையத்தின் பெரிய கதவுக்குள் பலூன் உப்பி நின்றது, கூரையைத் தொடும் அளவுக்கு. அம்மா அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழே அளக்கும் கருவி வைத்த சின்ன வெள்ளைப் பெட்டி தொங்கியது.

"தூலிக்கி, வா!" என்றார் டீச்சர்.

தூலிக்கி முன்னால் போனாள். பலூன் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. கையை நீட்டினால் போதும்.

"டீச்சர், நான் அன்னிக்குப் பேசினது தப்பு" என்றாள்.

"என்ன தப்பு?"

"சிவப்பு ஒளியாலதான் மழை வந்துச்சுன்னு சொன்னேன். அது பொய். அம்மா அப்படிச் சொல்லவே இல்ல. அம்மா சொல்லி முடிக்கறதுக்குள்ள நானா முடிச்சுக்கிட்டேன்."

"அப்போ நாங்க கைதட்டினதைத் திருப்பிக் குடு!" என்று ஓஸ்கு கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். தூலிக்கிக்கு அங்கேயே பனியைத் தோண்டிப் புதைந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அவள் நகரவில்லை.

"ஓசோனைத் தின்னும்னு சொன்னேன்ல, அது நிஜம். குளிர்காலம் மாறும்னு சொன்னது, மாறலாம், மாறாமலும் இருக்கலாம். யாருக்கும் இன்னும் சரியா தெரியாது. ஆனா இந்த மழை அதால வந்ததே இல்ல. அது நல்லாத் தெரியும்."

சிரிப்பு அடங்கியது. பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"சும்மா சொல்றியா?"

பியேராதான். தூலிக்கி அவனுக்குப் பதில் சொல்லாமல் அம்மாவிடம் திரும்பினாள். "அம்மா, அந்தச் சிவப்பு ஒளி வந்தப்போ உண்டான வாயு இப்ப எங்க இருக்கு?"

அம்மா அண்ணாந்து கதவுக்கு வெளியே வானத்தைக் காட்டினாள். "இந்தப் பலூன் போய் வெடிக்கும் பாரு, அந்த உயரத்துக்கும் எவ்வளவோ மேல."

"இன்னும் இறங்கலையா?" என்றான் பியேரா.

"இல்லப்பா."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்தான் இறங்கியிருக்கும். இங்க எட்டிப் பார்க்கவே இல்ல. நம்ம ஊர் மழைக்கு அது எப்படிக் காரணமாகும்?"

பியேரா தூலிக்கியின் பக்கத்தில் வந்து நின்றான். அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "அப்போ சீட்டி?" என்றான்.

"அது உங்க வீட்டு விஷயம்டா. எனக்குத் தெரியாது, உங்கப்பாகிட்டயே கேளு. ஒளியையும் மழையையும் முடிச்சுப் போட்டது மட்டும் நான். நீ இல்ல."

டீச்சர் தூலிக்கியின் தோளில் கை வைத்தார். "பலூன் சரியாப் பேசினவங்களுக்குன்னுதான் சொல்லியிருந்தோம். இல்லையா?"

"ஆமா, டீச்சர்."

"ஓஸ்கு, ஆத்து மீனைப் பத்தி நீ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணே ஒண்ணு. நான் பிடிச்ச மீன் அவ்வளவு நீளம் இல்ல" என்றான் ஓஸ்கு.

"அது பரவாயில்லை. நீ வா."

ஓஸ்கு ஓடிவந்து பலூனின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, எல்லோரும் வெளியே வந்தார்கள். தூலிக்கி பின்னால் நகர்ந்தாள். பரிசு போனது வலித்தது. ரொம்பவே வலித்தது. கண்ணைத் துடைத்தால் ஓஸ்கு பார்த்துவிடுவான் என்று துடைக்காமல் நின்றாள்.

"விடு!" என்றாள் அம்மா.

பலூன் குதித்து எழுந்தது. வெள்ளைப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு, மங்கிய நீலத்துக்குள் ஏறி, சின்னதாகி, மறைந்து போனது. எல்லோரும் கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பியேரா மட்டும் மேலே பார்க்கவில்லை. அவன் காட்டைப் பார்த்தான்.

"முர்ரி என் கையை நக்கும்" என்றான்.

"ம்."

"நான் புல்லு கொண்டு போனப்போ... அது ஏற்கெனவே..."

அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. அழுகை வந்தது. இத்தனை நாள் தேக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து, காடே கேட்கும்படி வாய்விட்டு அழுதான். மான்களுக்குத் தான் என்ன கெடுதல் செய்தோம் என்று எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு, தன் மான் குட்டிக்காக அழ இப்போதுதான் இடம் கிடைத்தது. ஓஸ்கு கேலி செய்ய வாயைத் திறந்தான், என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டான்.

தூலிக்கிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால் இந்த முறை எதுவும் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி நடக்கும்போதும் விடவில்லை. அவன் பாதி வழி வரை அழுதான். மீதி வழி விக்கினான். பள்ளிக்கூட விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது மூக்கை உறிஞ்சினான்.

"தூலிக்கி."

"என்னடா?"

"எனக்குப் பசிக்குது."

"இன்னிக்கு ஈரலும் சோறும்தான்" என்றாள் அவள், வருத்தமாக. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஈரல் நாளன்று பாதித் தட்டுகள் அப்படியே திரும்பிப் போகும்.

"எனக்கு ரெண்டு தட்டு வேணும்" என்றான் பியேரா. அவள் கையை இழுத்துக்கொண்டு சாப்பாட்டு அறையை நோக்கி ஓடினான்.